வடக்கு மூலையில் போட்ட மாத்திரை

மூலை பெரியப்பா, நீங்கள் போய் இன்றோடு பதினாறு நாள். உங்களைப் போல எதையும் லேசில் நம்பாத மனுஷன் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிடையாது.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், தெரிந்த மாதிரிதான் எழுதுவேன். அவர் என் அப்பாவுக்கு அண்ணன். புதுச் செருப்பு வாங்கினால் ஒரு வாரம் ஒரு காலில் மட்டும் போட்டு நடப்பார். பற்பசை மாற்றினால் முதலில் கடைவாய்ப் பல் இரண்டுக்குத்தான். புது உரம் என்றால் வயலில் ஒரு மூலையில் போட்டுப் பார்த்து, பயிர் பிழைத்தால்தான் மற்ற இடத்துக்கு.

கூலிக்கும் நிலத்துக்கும் கொடி பிடித்து, மிராசுதார் ஆட்களிடம் அடி வாங்கி, கடைசியில் அரசாங்கம் அவருக்கு ஒரு ஏக்கர் பட்டா கொடுத்தது. பட்டா வாங்கின மற்றவர்கள் முழுசாக உழுதார்கள். இவர் முதல் வருஷம் வடக்கு மூலையில் மட்டும் நட்டுவிட்டு, யாராவது பிடுங்க வருகிறார்களா என்று வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாராம். யாரும் வரவில்லை. 'மூலை' என்ற பெயர்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

போன வருஷம் அவருக்குக் கிட்னி கெட்டது, பிரஷரும் ஏறியது. தஞ்சாவூர் டாக்டரம்மா பருப்பையும் மீனையும் குறைக்கச் சொன்னார், கருவாட்டைத் தொடவே கூடாது என்றார். பிரஷருக்கு ஒரு மாத்திரை. சாப்பாடு குறைந்ததில் உடம்பு உருகாமல் இருக்க அமினோ அமில மாத்திரை. ஒழுங்காக இருந்தால் ரத்தம் சுத்தம் பண்ணும் மிஷினைத் தள்ளிப்போடலாம் என்றார். பெரியப்பாவுக்கு வேண்டியதும் அதுதான். தை அறுப்பைத் தன் கையால் அறுக்கவேண்டும்.

"மீனையும் வெல்லத்தையும் ஊறவச்சு வயலுக்கு அடிக்கிறோமே, அந்த மீன் அமிலமும் இந்த அமில மாத்திரையும் ஒண்ணுதானே?" என்று பஸ்ஸில் கேட்டார். புரிந்த மாதிரித் தலையாட்டினேன். அது என் தப்பு.

அடுத்த மாதம் பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. இன்னொரு கையிலும் பார்த்தால்தான் நம்புவேன் என்று நர்ஸிடம் சொன்னார். அந்தக் கையில் அதைவிடக் கூட இருந்தது.

"மாத்திரை போடுறீங்களா ஐயா?" என்றார் டாக்டரம்மா.

"போட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன். வடக்கு மூலையில."

இரண்டு மாத்திரையையும் நுணுக்கி, குடத்துத் தண்ணீரில் கரைத்து, நாலு குச்சி நட்டு அடையாளம் வைத்த இடத்தில் தினமும் ஊற்றியிருக்கிறார்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு, "பயிர் எப்படி இருக்கு?" என்றார்.

"பழுதில்லம்மா. பச்சை கட்டியிருக்கு."

"அப்ப மிச்ச வயலுக்கும் போடலாம்ல? மிச்ச வயலு நீங்கதான்."

அன்றிலிருந்து விழுங்கினார். பிரஷர் கொஞ்சம் இறங்கியது. பிரஷர் மாத்திரையும் கருவாட்டை விட்டதும்தான் காரணம் என்று டாக்டரம்மா சொன்னதைக் காதில் வாங்காமல், எல்லாம் அமிலத்தின் வேலை என்று ஊர் முழுக்கச் சொன்னார்.

ஆனால் விட்ட மாதம் விட்டதுதான். மார்கழிக் கடைசியில் மூச்சிரைத்துப் போய்விட்டார். அறுப்புக்கு ஒன்பது நாள் இருந்தது.

வடக்கு மூலையை நான்தான் அறுத்தேன். மற்ற இடத்தைவிட ஒரு மணிகூட அதிகம் இல்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் அங்கேதான் நல்ல விளைச்சல் என்று சொல்கிறேன்.

சாமி கும்பிடாத மனுஷன். நான் இப்படிக் கேட்பது தெரிந்தால் அவருக்குப் பிரஷர் ஏறும். ஏறட்டும், இனிமேல் என்ன. நீங்கள் எல்லோரும் எங்கள் பெரியப்பாவுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.