மாறாத பீரங்கி

‘இதே போதும்காரர்’ என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. அவர்களை அடையாளம் காண நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். கல்யாணத்தில் மாமனார் போட்ட கைக்கடிகாரத்தை இன்னும் கட்டியிருப்பார்கள். அது ஓடி வெகுகாலம் ஆகியிருக்கும். மணி என்ன என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவரின் கையை எட்டிப் பார்த்துச் சொல்வார்கள். கம்பி ஒடிந்த குடையை இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் நனையாமல் போகலாம் என்று கண்டுபிடித்து, அப்படியே சாய்ந்து நடந்து பழகி, வெயில் காலத்தில் குடை இல்லாமல் போகும்போதும் இடது பக்கமாகவே சாய்ந்து போவார்கள். புதிதாக ஒன்று வாங்கலாமே என்று வாயைத் திறந்து பாருங்கள்.

“எதுக்குங்க? இதே போதுமுங்க.”

முடிந்தது பேச்சு.

இவர்களால் ஊருக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் கிடையாது. கையில் பீரங்கி கிடைக்காத வரைக்கும்.

பதறாதீர்கள். நான் சொல்வது செல்போனுக்குள் இருக்கும் பீரங்கி. டாங்கி வண்டிகளை ஓட்டிச் சண்டை போடும் ஆட்டம் ஒன்று இருக்கிறதே, மலையாள நாட்டு எல்லையில் எங்கள் ஊர் பெருமாட்டியிலிருந்து கஞ்சிக்கோடு வரைக்கும் பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு அதைத்தான் ஆடுகிறார்கள். மீதிப் பேர் அவர்களுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து யோசனை சொல்கிறார்கள். அந்த ஆட்டத்தில்தான் எங்கள் பெருமாட்டியின் தலைசிறந்த இதே போதும்காரரான பூபதிராஜா அவர்கள் படையில் சேர்ந்தார்.

சேர்ந்த கதை சின்னது. பூபதிராஜாவுக்குத் தென்னந்தோப்பு உண்டு. தோப்பில் கால் தடுக்கி விழுந்து எலும்பு முறிந்து வீட்டில் கிடந்தார். கிடந்தவர் சும்மா கிடக்கவில்லை. சாம்பாருக்குப் பருப்பு எத்தனை விசில் விட வேண்டும், துணியை எந்தப் பக்கம் உதற வேண்டும், மிக்சியை எந்தக் கையால் அழுத்த வேண்டும் என்று கட்டிலில் இருந்தபடியே நிர்வாகம் செய்தார். வீட்டார் உயிர் பிழைக்க வேண்டுமே என்று மகள் மௌனிகா அவருடைய போனில் அந்த ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தாள். வீடு அமைதியானது. போர் தொடங்கியது.

அந்த ஆட்டத்தில் சேரும் எல்லோருக்கும் முதலில் ஒரு சின்ன வண்டியும் அதன் தலையில் ஒரு சின்னப் பீரங்கியும் இலவசமாகக் கிடைக்கும். எதற்கு? வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பது போல. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய் இலை முன்னால் உட்கார வேண்டும். பூபதிராஜா சொம்போடு நின்றுவிட்டார். கூட ஆடுகிறவர்கள் எல்லாரும் படிப்படியாகப் பெரிய பீரங்கி, அதைவிடப் பெரிய பீரங்கி, வண்டியே தெரியாத அளவுக்குப் பெரிய பீரங்கி என்று ஏறிக்கொண்டே போக, இவர் மட்டும் கால் எலும்பு கூடி, கட்டுப் பிரித்து, தோப்புக்குத் திரும்பிப் போன பிறகும் அதே பீரங்கியோடு இருந்தார். அதிலிருந்து புறப்படும் குண்டு எதிரியின் வண்டியில் பட்டால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். முற்றிய தேங்காயைச் சுண்டிப் பார்க்கும் சத்தம். அவ்வளவுதான். எதிரிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தென்னைக்காரரின் காதுக்கு அதைவிட இனிமையான சத்தம் வேறு உண்டா?

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் திரையில் தங்க நிறத்தில் ஒரு பொத்தான் வந்து துடிக்கும். தமிழிலேயே எழுதியிருப்பார்கள்: ‘புதிய பீரங்கிக்கு மாறு!’ பூபதிராஜா அதை முழுசாக வாய்விட்டுப் படிப்பார். தலையை ஆட்டுவார். பிறகு பந்தியில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் தடவை நீட்டிய லட்டை வேண்டாம் என்பதுபோல, மனம் நோகாமல், சுண்டுவிரலால் ஓரத்தில் தொட்டு அதை மூடுவார்.

“பாவம், அவனும் தெனமும் மாறு மாறுன்னு கேக்கறான்” என்பார்.

“ஒரு தடவ மாறித்தான் பாருங்களேனுங்கப்பா” என்பாள் மௌனிகா. “நீங்க சேத்து வெச்சிருக்கற புள்ளிக்கு நாலு பீரங்கி வாங்கலாம்.”

“எதுக்கு கண்ணு? பெரிய பீரங்கி ஒருக்கா சுட்டுப்போட்டு, அடுத்த குண்டு ஏறற வரைக்கும் வாயப் பொளந்துட்டு நிக்கும். நம்மளுது பாரு, டொக்கு டொக்குன்னு நிக்காம போகுது.”

“ஆருக்கும் ஒண்ணும் ஆவறதில்லைங்களேப்பா!”

“ஆவறது ஆவாதது நம்ம கைலயா இருக்குது? இதே போதும்.”

மௌனிகா பக்கத்துச் சித்தூர் கல்லூரியில் படிப்பவள்; அந்த ஆட்டத்தில் சுற்றுவட்டாரத்திலேயே கெட்டிக்காரி; ஊர்வழி போகாமல் வீட்டு முற்றத்தில் இருந்தபடியே யார் யாரையோ தூள் தூளாக்கியவள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. எர்ணாகுளத்தில் நடக்கும் மாநிலப் போட்டியில் தன் அணியோடு மேடை ஏற வேண்டும். அதற்கு வழியும் வந்தது. ஓணத்துக்கு கயிறு இழுப்பதும் உறி அடிப்பதும் மட்டும் நடத்திவந்த எங்கள் ஊர் கிளப்பார், இந்த வருஷம் டாங்கி ஆட்டமும் உண்டு, ஜெயிக்கிற அணி நேராக எர்ணாகுளம் போகலாம் என்று மைக் கட்டிச் சொன்னார்கள். அணிக்கு மூன்று பேர். மௌனிகா, அடுத்த தெரு ஷிஜு, தோழி நிமி.

போட்டிக்கு முந்தின நாள் நிமியிடமிருந்து போன் வந்தது. கோயம்புத்தூரில் புதிதாகச் சேர்ந்த வேலையில் லீவு கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்களாம். மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? பெயர் கொடுக்காமல் ஊரில் மிச்சம் இருந்த ஒரே ஆட்டக்காரர் கூடத்தில் உட்கார்ந்து போன் திரையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மௌனிகா அன்று அழுதாள் என்று கேள்வி. எனக்குக் கேட்டபோதே நெஞ்சு கனத்துவிட்டது. ஆனால் மறுநாள் வேடிக்கை பார்க்க முதல் வரிசையில் நாற்காலி பிடித்ததும் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளப் கூடத்தில் சுவர் முழுக்கத் திரை. ஒரு பக்கம் எங்கள் அணி, ஒரு பக்கம் கஞ்சிக்கோடு அணி. நடுவில் நேந்திரங்காய் வறுவல் தட்டு. இவர்கள் இருமினால் அவர்களுக்குக் கேட்கும். கஞ்சிக்கோடு அணிக்குத் தலைவர் சதீஷ், சிரித்த முகம், வீடு மாதிரி ஒரு வண்டி, அதில் தூண் மாதிரி ஒரு பீரங்கி. மூன்று சுற்றில் இரண்டு ஜெயித்தவருக்கு எர்ணாகுளம்.

முதல் சுற்றை மௌனிகா ஏறக்குறையத் தனியாகவே ஜெயித்தாள். அப்பா ஒரு மரத்தடியில் நின்று ஒரு பாறையைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுற்றில்தான் வந்தது வினை. இடிந்த ஊர் ஒன்று. அதில் குறுகலான ஒரு சந்து. சந்தின் முனையில் பாலம். சதீஷின் ராட்சத வண்டி பாலத்தில் குறுக்காகச் சிக்கிக்கொண்டு விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மௌனிகாவின் பெரிய பீரங்கி சந்துக்குள் தயார். ஒரு குண்டு போதும். ஆனால் அவளுக்கு முன்னால், சந்தை அடைத்துக்கொண்டு நிற்பது யார்? நம்மவர் வண்டி குறுக்கே நின்றால் குண்டு அதிலேயே பட்டு வீணாகும். ஷிஜு கத்தினான்:

“அங்கிளே, மாறு! ஒந்நு மாறு!”

மலையாளத்தில் இதற்கு விலகு என்று பொருள். பூபதிராஜாவுக்குத் தெரியாதா? பிறந்தது பெருமாட்டி. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். பஸ்ஸில் கண்டக்டர் “மாறு, மாறு” என்றால் அவர் யோசிக்காமலே விலகுவார். அரிசிக்கடையில் மூட்டைக்காரர் “மாறிக்கோ” என்றால் குதித்தே விலகுவார். ஆனால் பீரங்கி கையில் இருக்கும்போது அவருக்குக் காதில் விழுந்தது தமிழ். இத்தனை நாளாகத் தங்க நிறத்தில் துடித்துக்கொண்டிருந்த அதே தமிழ். ‘மாறு!’

பூபதிராஜா வண்டியை நிறுத்தினார்.

“மாற மாட்டேன் தம்பி!”

“மாறு அங்கிளே! பின்னில் மௌனிகா உண்டு!”

“மௌனிகாவே சொன்னாலும் மாற மாட்டேன்! இதே போதும்!”

டொக். டொக். டொக். கூடமே எழுந்து “மாறு, மாறு” என்று கத்தியது. நானும் கத்தினேன். ஊரே சேர்ந்து தன் பீரங்கியைப் பறிக்கப் பார்க்கிறது என்று அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தச் சந்தடியில் சதீஷ் நிதானமாக வண்டியை நேராக்கி, நிதானமாகக் குறிபார்த்து, தன் ஆட்களோடு சேர்ந்து மூன்று பேரையும் வரிசையாக முடித்தார். ஒன்றுக்கு ஒன்று. மிச்சம் ஒரே சுற்று.

இடைவேளையில் டீ கொடுத்தார்கள். மௌனிகா டீயைத் தொடவில்லை. பூபதிராஜா கிளாஸை ஏந்திக்கொண்டு ஆத்திரமாக வந்தார்.

“என்ன கண்ணு உன்ற சிநேகிதன்? சண்டை நடந்துட்டிருக்கறப்ப பீரங்கிய மாத்துங்கறான்! ஊருசனமும் கூடச் சேந்துக்குது!”

மௌனிகா அப்பாவையே பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. மாறுன்னா நவுருங்கன்னு அர்த்தமுங்கப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து, அந்தப் பக்கத்தில் சதீஷ் தன் ஆட்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வது காதில் விழுந்தது: “ஒரு தடவ பட்டாச்சில்ல, இனி அந்த அங்கிள் மாறுன்னு கேட்டா உடனே மாறி வழி விட்டுடுவாரு பாரு.”

மௌனிகா எடுத்த வாயை மூடிக்கொண்டாள். டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். ஷிஜுவை ஓரமாகக் கூட்டிப் போய்க் காதில் ஏதோ சொன்னாள். ஷிஜு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

மூன்றாவது சுற்று. அதே ஊர். அதே சந்து. வண்டிகள் ஒவ்வொன்றாக வெடித்து, அந்தப் பக்கம் சதீஷ் மட்டும் மிச்சம். இந்தப் பக்கம் ஷிஜுவும் போய், சந்துக்குள் அப்பாவும் பின்னால் மகளும் மிச்சம். சதீஷ் பாலத்தில் இருந்து சந்தைக் குறிவைத்துக் காத்திருந்தார். கொசு வண்டியின் மேல் குண்டை வீணாக்க அவர் தயாரில்லை. சுட்டுவிட்டால் அடுத்த குண்டு ஏற நேரமாகும். கொசு விலகட்டும், பின்னால் இருக்கும் மௌனிகாவை ஒரே போடாகப் போட்டுவிடலாம். கூடத்தில் வறுவல் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது.

ஷிஜு எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினான்:

“அங்கிளே, மாறூ!”

சதீஷ் ஒரு கணமும் யோசிக்கவில்லை. குண்டு போய்ச் சேருவதற்குள் சின்ன வண்டி விலகியிருக்கும், அங்கே பெரிய வண்டி இருக்கும். அழுத்திவிட்டார்.

“மாற மாட்—”

பூபதிராஜாவின் வசனம் முடிவதற்குள் வண்டி தூளாகிக் காற்றில் பறந்தது. புகை விலகியது. சந்து காலி. சதீஷின் பீரங்கி, அடுத்த குண்டு ஏறும் வரைக்கும், வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எதிரே மௌனிகா.

ஒரே குண்டு.

அப்புறம் கூடத்தில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். வறுவல் தட்டு பறந்ததும், சதீஷே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்ததும், நான் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்ததும்தான் நினைவிருக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மௌனிகா அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பூபதிராஜா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊராருக்கு விளக்கம் சொன்னார்:

“பாத்தீங்களா? நம்ம சின்னப் பீரங்கியப் பாத்துப் பயந்துபோயி அவசரப்பட்டுச் சுட்டுப்போட்டான். மாறியிருந்தா என்னங்க ஆயிருக்கும்?”

என்ன ஆகியிருக்கும்? தோற்றிருப்பார்கள். அதுதான் கொடுமை. அவர் சொன்னது சரியாகப் போய்விட்டது. இனி அவரை ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

வெளியே வரும்போது ஷிஜு கவலையாகக் கேட்டான்: “மௌனிகா, எர்ணாகுளத்துல எல்லாரும் பெரிய ஆளுங்க. இந்த வித்தை ஒரு தடவைதான் பலிக்கும். வேற ஏதாச்சும் யோசிக்க வேண்டாமா?”

“எதுக்கு ஷிஜு?” என்றாள் மௌனிகா. “இதே போதும்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். முன்னால் போய்க்கொண்டிருந்த பூபதிராஜா திரும்பிப் பார்த்து, பெற்ற பெருமையோடு சிரித்தார்.

ஆகவே, வாசகரே, இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது. நீங்கள் அதில் சேர்த்தி இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். அப்படியானால் உங்கள் போன் சார்ஜர் ஒயரை ஏன் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்து, அதன் மேல் ஒரு புத்தகத்தை வைத்திருக்கிறீர்கள்? டிவி ரிமோட்டைத் தொடையில் தட்டித் தட்டி எத்தனை வருஷமாக உயிர்ப்பிக்கிறீர்கள்? வீட்டில் சண்டை வந்தால் நீங்கள் முதலில் எடுத்துச் சுடும் அந்த ஒரே வாக்கியம், கல்யாணமான வாரத்தில் கிடைத்தது, இன்றைக்கும் அதே டொக் டொக்தானே?

எதற்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். உங்களுக்குப் பின்னால் யாராவது ‘மாறு’ என்று கத்தினால், அது தமிழா மலையாளமா என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். எந்த மொழியாக இருந்தாலும், அவர்கள் உங்களைத்தான் சொல்கிறார்கள்.