நல்ல கொழுப்பில் தொண்ணூற்றாறு

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் சௌக்கியம், குறிப்பாக நான். என் மகளும் தங்கள் மகனும் சேர்ந்து என் இதயத்தைப் பற்றித் தங்களிடம் ஏதோ பற்றவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

நடந்தது இதுதான். ரத்தப் பரிசோதனையில் எனக்கு நல்ல கொழுப்பு தொண்ணூற்றாறு. பலருக்கு ஐம்பது வருவதே பெரிய பாடாம். பள்ளிக்கூடத்தில் நான் எதிலும் தொண்ணூற்றாறு வாங்கியவன் இல்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் கட்டடங்களின் காவலாளிகள் வரை காட்டினேன். அதைக் காட்டியே, வீட்டில் நிறுத்திவைத்திருந்த வறுவலையும் திரும்ப வாங்கினேன். அந்த மிதப்பில் டாக்டரம்மாவிடமும் காட்டப் போனேன் பாருங்கள், அங்கேதான் வினை. அவர் தொண்ணூற்றாறைக் கண்டுகொள்ளவே இல்லை. “கெட்டது நூத்தி எழுபது இருக்கே. உங்க அப்பா எப்படிப் போனாரு?” என்றார். “நெஞ்சுவலி. ஐம்பத்தெட்டு வயசுல.” “உங்களுக்கு என்ன வயசு?” “ஐம்பத்தேழு.” “படி ஏறினா மூச்சு வாங்குதா?” நான் லிஃப்ட் மெக்கானிக், லிஃப்ட் ஓடாத இடத்துக்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள், ஆகவே என்னைவிட அதிகம் படி ஏறுகிறவன் யாரும் இல்லை என்று விளக்கினேன். “கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்றார். மூன்றாவது மாடியில் சுவரைச் சோதிப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்கிறேன் என்பதை நான் சொல்லவில்லை. தங்களிடம்தான் சொல்கிறேன்.

“நல்லது நிறைய இருக்குன்னா நெஞ்சு பத்திரம்னு அர்த்தம் இல்லைங்க. ஒரு அளவுக்கு மேல அதால லாபம் கிடையாது. இதயத்தை டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்” என்றார். யோசித்தால் அது எனக்கே தெரிந்த சங்கதி. லிஃப்ட் பெட்டியைச் சமன் செய்ய மறுபக்கம் ஓர் எடை தொங்கும். அதைக் கூட்டிக்கொண்டே போனால் பத்திரம் அதிகமாகிவிடாது, பெட்டி தறிகெட்டு மேலே ஏறும். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறேன். எனக்கென்று வந்தபோது தாளைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இருந்தாலும் டெஸ்ட் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கண்டுபிடிக்காதவரை ஒன்றும் இல்லை, கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் அது இருக்கும். ஆகவே இனி யாரும் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பேத்திக்கு ஆயிரம் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: டெஸ்ட் வருகிற வியாழன் காலை ஒன்பது மணிக்கு. கூட ஒருத்தர் வரணுமாம். வீட்டில் சொன்னால் அழுவாள், மகளிடம் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். எனக்குப் பயமா இருக்கு சம்பந்தி. நீங்க வாங்களேன்.