பிள்ளை ஊரில் இல்லை என்று நான் சொன்னது குறித்து

பாளையங்கோட்டை,
சனிக்கிழமை.

அன்புள்ள தம்பி ஹென்றிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் மகள் ஜெர்லினும் உடலளவில் சுகம். தூத்துக்குடியில் உன் துறைமுக வேலையும் முதுகுவலியும் எப்படி என்று எழுது. டெல்லி ஊக்கமருந்து விசாரணைக் குழுவுக்கு நீ பதில் எழுதும்போது இந்தக் கடிதத்தையும் இணைத்து அனுப்பு. பிள்ளை குற்றமற்றவள், தவறு என்னுடையது.

அவள் நம் ஊர்ப் பயிற்சியாளர் ஞானசம்பந்தனை விட்டு ஊட்டிக் குழுவில் சேர்ந்தது முதல் நான் தலைநிமிர்ந்து கோயிலுக்குப் போக முடியவில்லை. ஏழு மாதத்தில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் அவள் நேரம் ஒன்றரை நிமிடம் குறைந்தது. அதே ஏழு மாதத்தில் அந்தக் குழுவில் இரண்டு பேருக்கு ஊக்கமருந்துத் தடை விழுந்தது. மார்க்கெட்டில் ஞானசம்பந்தனே என்னை நிறுத்தி, "டீச்சர், எங்கிட்ட ஓடும்போது பிள்ளைக்கு மூச்சு வாங்கும். அங்கன போனதுலேர்ந்து வாங்கவே மாட்டேங்கு. மலைக்காத்து அம்புட்டு விசேஷமா?" என்றார். பொறுக்கிய கத்தரிக்காயை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

சோதனைக்காரர்கள் சொல்லாமல் வருவார்களாம். ஓடுகிறவர்கள் தினம் ஒரு மணி நேரம் எந்த வீட்டில் இருப்போம் என்று முன்பே பதிந்து வைக்க வேண்டும். வரும்போது ஆள் இல்லாவிட்டால் ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்தில் மூன்று தவறென்றால் மருந்து தின்றவளைப் போலவே தடை, இரண்டு வருடம். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு: ஒருமுறை ரயில் தாமதம், மறுமுறை விடுதி மாறியதைப் பதிய மறந்தாள். ஓய்வுக்கு இங்கே வந்தவள் என் வீட்டைப் பதிந்திருக்கிறாள், காலை ஐந்து முதல் ஆறு வரை. என்னிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை ஐந்து மணிக்கு மணி அடித்தது. கிரில் கேட்டுக்கு வெளியே ஓர் ஆணும் பெண்ணும், கையில் பெட்டி. அந்த ஆள் தெருவுக்கே கேட்கும்படி ஜெர்லினின் சிறுநீர் வேண்டும் என்றார். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை வந்து வயதுப்பெண்ணைக் கேட்டால் நம் குடும்பங்களில் என்ன சொல்வோமோ, அதைத்தான் சொன்னேன்: "பிள்ளை ஊர்ல இல்ல." அடையாள அட்டையை நீட்டினார். கண்ணாடி இல்லாமல் நான் எதையும் வாசிப்பதில்லை. அவருக்காக அதை எடுக்கவும் போகவில்லை. ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்றார்கள். அவளுக்குப் போன் செய்திருக்கிறார்கள். இரவில் அவள் போனை வாங்கிப் பீரோவில் பூட்டுவது என் வழக்கம், சேலைகளுக்கு நடுவே அடித்து ஓய்ந்திருக்கிறது. எதிர்வீட்டு முகம்மது மைதீன் அண்ணாச்சியிடமும் விசாரித்திருக்கிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவர் வாசல் வழியாகத்தான் அவள் ஓடினாள். அவரோ பத்து நாளாகப் பார்க்கவில்லை என்று சொல்லி, தேநீரும் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் கேட்டதற்கு, "வீட்டுப் பொம்பள இல்லன்னு சொன்ன பெறவு, தெருவுல உள்ளவன் இருக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கும் டீச்சர்?" என்றார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

இவ்வளவு நேரமும் ஜெர்லின் உள்ளறையில் அயர்ந்து தூங்கினாள். வேதபுத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்வேன். தடையை எனக்குப் போடட்டும்; எழுபத்தாறு வயதில் நான் எங்கும் ஓடப்போவதில்லை.

கிரேஸிக்கு என் அன்பு. தேவதாய் உங்கள் வீட்டின் மேல் கண்வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
பிலோமினா

பி.கு: தான் தூங்கியது உண்மை என்று ஜெர்லினும் கையெழுத்துப் போட்டால் பலமாக இருக்கும் என்று கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். "தூங்குனேன்னு எழுதாதீங்க அத்தை. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். நீங்க இல்லன்னு சொன்னதும் பைய போயி படுத்துக்கிட்டேன்" என்றாள். முப்பத்தாறு வருடம் வகுப்பில் ஏன், ஏன் என்று கேட்ட நான், இப்போது அவளிடம் கேட்கவில்லை. இதை டெல்லிக்கு அனுப்பாதே. நீ புறப்பட்டு வா.