நூற்றுப் பதினெட்டு கிலோவுக்கு ஏற்ற ஃபோர்க் எது?

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கிருபாசங்கர் அவர்களுக்கு,

கிணத்துக்கடவிலிருந்து மாமனார் தனபால் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் தோட்டத்து மரங்களும் சுகம். பெங்களூரில் நீங்களும் கனிஷ்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்கிறீர்கள், நான் "நீங்க சொல்லுங்க மாப்ள" என்கிறேன், அதோடு இருவரும் வைத்துவிடுகிறோம். கல்யாணமான நாளிலிருந்து நம் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். அதனால் கடிதம்.

விஷயம் நீங்கள் அனுப்பிய மலைச் சைக்கிளைப் பற்றியது. முட்டிவலிக்கு நடையைக் குறைத்துச் சைக்கிள் ஓட்டும்படி டாக்டர் சொன்னதைக் கேள்விப்பட்டு வாங்கி அனுப்பினீர்கள். கூடவே, "ஆடி நோம்பிக்கு வாரப்ப நாம ரெண்டு பேரும் தோப்புக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரலாமுங்க மாமா" என்றும் சொன்னீர்கள். மாப்பிள்ளை, நீங்கள் என்னிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். அதை வீணாக்க எனக்கு மனமில்லை. ஆனால் நான் ஏறி உட்கார்ந்ததும் வண்டி முன்பக்கம் குனிகிறது, குனிந்தது நிமிர்வதில்லை. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கால்களுக்குள் உள்ள ஸ்பிரிங் என் பாரத்தில் அடிவரை அமுங்கி, வாய்க்கால் மேட்டில் 'டங்' என்று இடித்து, அந்த இடி கை வழியாக ஏறி வந்து என் தாடையில் முடிகிறது.

காந்திபுரத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாலகோபால் தங்கமான மனிதர், அதுதான் தொல்லை. அந்தக் கால்களுக்கு ஃபோர்க் என்று பெயராம். காற்று அடைப்பது ஒரு வகை, கம்பிச்சுருள் வைத்தது ஒரு வகை, எதுவானாலும் ஓட்டுகிறவரின் எடை தெரிந்தால்தான் அளவு பார்க்க முடியுமாம். ஆனால் என் எடை என்ன என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. "ஏனுங்க, ஐயா பாக்கறதுக்கு நல்ல... ஆகிருதியா இருக்கறீங்க" என்று நிறுத்தி, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார். நான் காலையில்தான் நம் கொப்பரைக் குடோன் தராசில் ஏறிப் பார்த்திருந்தேன். நூற்றுப் பதினெட்டு. ஆனால் காலமெல்லாம் கொப்பரை வாங்கியவன் வாய் சும்மா இருக்குமா? தராசு காட்டியதை அப்படியே ஒப்புக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை. சாக்குக்குக் கழிப்போம், ஈரத்துக்குக் கழிப்போம். அதேபோல வேட்டி சட்டை பெல்ட்டுக்குக் கொஞ்சம், தின்ற இட்லிக்குக் கொஞ்சம், எப்படியும் சரக்கில் ஈரம் இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் கழித்து, "நூத்தி எட்டுங்க" என்றேன். அவரோ மரியாதைக்கு, "அவ்வளவெல்லாம் தெரியலீங்க, நூறுன்னே வெச்சுக்கலாமுங்க" என்று, நூற்றுக்குக் காற்றடித்து, ஒரு பழைய காற்று ஃபோர்க்கை மாட்டி, ஓட்டிப் பார்த்து முடிவு சொல்லச் சொன்னார். ஆக, பதினெட்டு கிலோ தனபால் எந்தக் கணக்கிலும் இல்லாமல் தோப்புக்குள் நுழைந்தான்.

முதல் வாய்க்காலிலேயே முன்பக்கம் மூழ்கிவிட்டது, நான் தென்னம்பாத்திக்குள் கிடந்தேன். அத்தை வந்து பார்த்து, "ஏனுங்க, கூடவே பம்பும் குடுத்துட்டாங்கல்ல, இன்னுங்கொஞ்சம் அடிங்க" என்றாள். கழித்ததையெல்லாம் திருப்பி ஏற்றி, கொசுறும் சேர்த்து அடித்தேன். இப்போது ஃபோர்க் கடப்பாரை மாதிரி நின்றது. அது அசையவே இல்லை, நான்தான் அசைந்தேன். பாலகோபாலைக் கூப்பிட்டால், ஆள் உட்கார்ந்ததும் நாலில் ஒரு பங்கு அமுங்க வேண்டும் என்கிறார். எதில் நாலில் ஒரு பங்கு என்றால், "ஐயாவுக்குத் தெரியாததுங்களா" என்கிறார். கம்பிச்சுருள் எப்படி என்றேன். "கனமான ஆளுங்களுக்கு... அதாவதுங்க, ஐயா மாதிரி பெரியவங்களுக்கு, கெட்டியான சுருளு நல்லா நிக்குமுங்க. ஆனா வண்டி கனமாயிருமுங்க" என்றார். காற்று? "காத்துன்னா கூட்டிக் கொறச்சுக்கலாமுங்க." அப்படியானால் எதுதான் நல்லது? "ரெண்டுமே நல்லதுதானுங்க." இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அத்தையோ, ஃபோர்க்கை விட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை மாற்றலாம் என்கிறாள். அதை நான் காதில் வாங்கவில்லை.

காற்றா, சுருளா என்று நீங்களே முடிவு செய்து எழுதுங்கள். உங்களுக்காக உண்மை எடை: நூற்றுப் பதினெட்டு, கழிவு கிடையாது. கனிஷ்காவிடம் சொல்ல வேண்டாம். நோம்பிக்குள் வண்டி நிமிராவிட்டால், நீங்கள் தனியாக ஓட்டிப் போவதை நான் களத்தில் நின்று பார்க்கும்படி ஆகிவிடும். எனக்கு அது பெரிய வருத்தமாக இருக்கும், மறைக்காமல் சொல்கிறேன்.

பொன்மலை முருகன் உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
குழப்பத்துடன்,
மாமா தனபால்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கனிஷ்கா போனில் கூப்பிட்டாள். "அப்பா, அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்கப்பா. உங்ககிட்ட என்ன பேசறதுன்னு தெரியாம அப்படிச் சொல்லிப்போட்டாரு. இப்ப நெதமும் பார்க்குல ஓட்டிப் பழகறேன்னு உழுந்து, முழங்கையெல்லாம் தோலுரிஞ்சு கெடக்குது" என்றாள். மாப்பிள்ளை, மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஃபோர்க்கை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் இனி விழ வேண்டாம். நோம்பிக்கு வாருங்கள், ஆளுக்கொரு பக்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வண்டியை உருட்டியபடியே தோப்புக்குள் போவோம். என் முட்டி வலித்தால் எங்காவது உட்கார்ந்துகொள்வோம். பேச ஒன்றும் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை.