புலாவ் பாயாங்கின் இருபத்தேழு அனாத்தாக்கள்

புலாவ் பாயாங்,
செவ்வாய், 17 ஆகஸ்ட் 2603.

என்றும் என் மரியாதைக்குரிய பெரியப்பா வைத்தியலிங்கம் அவர்களுக்கு,

பிள்ளை தவமணி தலைகுனிந்து எழுதுவது. நான் நலம். நலம் என்ற சொல்லை மரவள்ளிக்கிழங்கு அளவுக்கு எடுத்துக்கொள்ளவும். பெரியம்மா கனகம்மாவின் முழங்கால் வலியும் தங்களுடைய சுருட்டுப் பஞ்சமும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மீன்காரர் படகில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

வெள்ளிக்கிழமை நம் பத்து பாகாட் ஊரிலிருந்து படகு அனுப்புகிறேன், பெட்டியோடு ஏறிவிடு, உன்னை பி.ஏ. படிக்கவைத்தது கிழங்குக் காட்டில் கிடப்பதற்கு அல்ல என்று எழுதியிருந்தீர்கள். சரிதான் பெரியப்பா. மூன்று வயதில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவளைத் தூக்கி வந்து வளர்த்து, நம் குடும்பத்தில் ஆணோ பெண்ணோ எட்டாத பட்டத்துக்கு என்னை ஏற்றிவிட்டீர்கள். அந்தப் பட்டம் இப்போது தென்னந்தோப்பில் சிக்கிக் கிடக்கிறது. நிச்சயம் வருகிறேன். பெட்டியும் கட்டியாயிற்று. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பது தங்களுக்குத் தெரியும், அதனால் இங்கே நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இந்தத் தீவுப் பிள்ளைகளுக்கு யுத்தம் கரையில் ஒதுங்கும் பொருள்களாகத்தான் வந்தது. போன வருஷம் மாசியில் தெற்கு வானம் பல நாள் கறுத்துக் கிடந்ததாம். அந்தப் பக்கம் யாரோ பொங்கலை அடிப்பிடிக்க விட்டுவிட்டார்கள் என்று நினைத்தார்களாம். பிறகு ஆரஞ்சுப் பழங்களும், ஜோடியில்லாத சப்பாத்துகளும், ஒரு பியானோவின் மூடியும் மிதந்து வந்தன. அந்த மூடிதான் இப்போது என் கரும்பலகை. சுண்ணாம்புக் கட்டியால் அழுத்தி எழுதினால் எங்கோ அடியில் பாட்டு கேட்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கும் ஒரு தரம் கேட்டது. பள்ளிக் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளிவைத்ததிலிருந்து, எட்டு மணிப் பள்ளிக்குச் சூரியனே தாமதமாக வருகிறது, பிள்ளைகள் பாதி கனவோடு வந்து உட்காருகிறார்கள். 1943-ஐ அழித்துவிட்டு, ஜப்பான் கணக்குப்படி வருஷம் 2603 என்று பலகையில் எழுதிய அன்று கருப்பாயி என்ற எட்டு வயதுக்காரி எழுந்து, "சென்செய்யக்கா, அப்ப எனக்கு வயசு அறுநூத்தி அறுபத்தெட்டா?" என்று கேட்டாள். ஆசிரியருக்கு ஜப்பான் பாஷையில் சென்செய். அக்கா அவர்கள் சேர்த்தது. அன்று முழுவதும் வகுப்பில் எல்லோரும் கூன் போட்டு நடந்தார்கள்.

மூன்று மாதம் முன்பு தோட்டத்து ஆண்கள் எல்லோரையும், சியாமில் ரயில் பாதை போட வேண்டும் என்று, ஒரே படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பின் ஒரு தகவலும் இல்லை. ரயிலைக் கண்ணால் கண்டிராத கருப்பாயி, அது தண்ணீர்மேல் போடும் ஒரு பாதை, அப்பா போட்டுக்கொண்டே வந்து ஒருநாள் நம் கரையில் முடிப்பார் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறாள். பாடத்தின் நடுவே எழுந்து ஜன்னலில் கடலைப் பார்ப்பாள். நான் திருத்தவில்லை. சில நாள் நானும் பார்க்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன வாரம் பள்ளியைச் சோதிக்க ஒரு ஜப்பானிய அதிகாரி வருவதாக உத்தரவு வந்தது. பிள்ளைகள் நிப்பொங்கோவில், அதாவது ஜப்பான் பாஷையில், பெயர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, பத்து வயதுக்கு மேற்பட்டவர்களை விமானத் திடலுக்கு மண் சுமக்க அனுப்புவார்கள். பயந்து போய் ஒரு வாரம் இரவுபகலாகச் சொல்லிக்கொடுத்தேன். "வத்தாக்குஷி வா கருப்பாயி தெசு." நான் கருப்பாயி. இருபத்தேழு பேரும் கிளி மாதிரி சொன்னார்கள். ஆனால் பெரியப்பா, பதிலைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கேள்வியை ஒருநாளும் கேட்கவில்லை. "நீ யார்?" என்று ஒருவரை நிமிர்ந்து கேட்க எந்த பாஷையிலும் எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் செய்த வேலையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நேற்று அதிகாரி டோக்கியோ நேரப்படி சரியாக வந்தார். கடலுக்கு அந்த உத்தரவு போய்ச் சேராததால் நீர் இன்னும் ஏறவில்லை. படகு சேற்றில் நிற்க, முழங்கால்வரை புதைந்து, ஒரு பூட்ஸைச் சேற்றுக்கே கொடுத்துவிட்டு, வெள்ளைக் காலுறையோடு ஏறி வந்தார். பிள்ளைகள் சிரிக்கவில்லை; ஜோடியில்லாத சப்பாத்துகள் அவர்களுக்குப் பழக்கம். கூடவே மொழிபெயர்ப்பாளராக ராஜசேகரன். பத்து பாகாட்டில் மூன்று வார நிப்பொங்கோ வகுப்பில் எனக்குப் பின்வரிசையில் தூங்கினவர் அவர்தான். அதிகாரி முதல் வரிசையில் நின்ற கருப்பாயியைப் பார்த்து, நல்ல கணீர்க் குரலில் கேட்டார்:

"அனாத்தா வா தாரே தெசு கா?"

அனாத்தா என்றால் நீ. நீ யார் என்று கேட்கிறார், அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் கருப்பாயி காதில் அது 'அநாத வா, தாரேன்' என்று விழுந்தது. அநாதையே வா, தருகிறேன். ஆறு மாதமாகச் சோற்றைக் காணாத பிள்ளை, அவள் என்ன செய்வாள், கனவில் நடப்பவள் போல இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு முன்னே போனாள். பின்னாலேயே ஒருத்தன், "நானும் அநாத சார்!" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் தகப்பனோ தாயோ உள்ள பிள்ளை ஒன்றுகூட இல்லை. தள்ளுமுள்ளு. "நான் பெரிய அநாத, நீ தள்ளு!" "போடா, ஒனக்கு அம்மா இருக்கு, எனக்குத்தான் மொதல்ல!" வெளியே தேங்காய் உரித்துக்கொண்டிருந்த கருப்பாயியின் அம்மா அங்கம்மா இதைக் கேட்டு, ஈர்க்குமாற்றோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "அடியே! நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், நீ அநாதயாடி?"

இது என்ன சத்தம் என்று அதிகாரி கேட்டிருக்க வேண்டும். ராஜசேகரன் பிள்ளைகளைக் காட்டி, அப்பா என்பதற்கு மீசை முறுக்கிக் காட்டி, பிறகு வானத்தைக் காட்டினார். அதிகாரி ஏதோ நீளமாகக் கேட்டார். ராஜசேகரன் "ஹாய்" என்றார்.

"என்ன சார் கேட்டாரு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எல்லாமே அநாதைங்களான்னு கேட்ட மாதிரி இருந்துச்சு டீச்சர்."

"ஹாய்ன்னா ஆமான்னு அர்த்தம்!"

"அலமாக், அது தெரியும் லா. வேற வார்த்தை எனக்கு வரமாட்டேங்குதே!"

அதிகாரி சற்று நேரம் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். அவர் கண்ணுக்கும் அதில் ஏதாவது பாதை தெரிந்ததோ என்னவோ. பிறகு பையிலிருந்து, மலாய் மொழியும் சேர்த்து அச்சடித்த ஒரு படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி; அவர்களை வேலைக்குப் பிடிக்க மாட்டார்கள்; ஆசிரியர் தீவிலேயே தங்கியிருக்க வேண்டும். பிள்ளைகளின் பெயரும், 'தகப்பன்' என்ற இடத்தில் ஜப்பான் பாஷையில் உரிய சொல்லும் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஒற்றை பூட்ஸோடு போய்விட்டார்.

சாயங்காலம் பெண்கள் எல்லோரும் பியானோ மூடியின் முன் கூடினார்கள். நான் படிவத்தை வாசித்துச் சொன்னேன். அரிசி என்ற சொல்லை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்கள். அங்கம்மாதான் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஏம்மா, படிச்ச புள்ள நீ. ஒரு மூட்ட அரிசிக்காக உசுரோட இருக்கிற மனுசன காயிதத்துல கொல்லச் சொல்றியா? நாளைக்கு அவரு வந்து நின்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சோறு போடுவேன்?" நியாயம்தானே. ஆனால் அவள் மடியில் கருப்பாயி பசியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் கை ஏந்தியபடியே இருந்தது.

அப்போதுதான் அந்த மூன்று வார வகுப்பில் படித்த ஒரு சொல் எனக்கு ஞாபகம் வந்தது. 'இனாய்.' இங்கே இல்லை என்று அர்த்தம். செத்தார் என்று யாராவது நினைத்தால் அது நினைப்பவர் பாடு. நான் எழுந்து நின்று, முதல்தடவையாக எல்லோர் முகத்தையும் பார்த்து இதைச் சொன்னேன். அங்கம்மா யோசித்தாள். "இங்க இல்ல. அது நெசந்தான். எழுதிக்க. ஆனா பக்கத்துல நம்ம எழுத்துல வருவாருன்னு எழுது. அவங்களுக்குப் புரியாட்டிப் போவுது, காயிதத்துக்குத் தெரியட்டும்." இருபத்தேழு பெயர். இருபத்தேழு இனாய். பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் இருபத்தேழு 'வருவார்'.

ஆகவே இங்கே எல்லாம் ஒழுங்காகிவிட்டது பெரியப்பா. எனக்குப் பதிலாக ராஜசேகரனை வந்து தங்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு இன்னொரு சொல்லும் கற்றுக்கொடுத்தால் போதும். வெள்ளிக்கிழமை படகில் தவறாமல் ஏறிவிடுகிறேன். பெரியம்மாவுக்கு என் அன்பு. தங்கள் கால்களில் என் நெற்றி பட்டதாக நினைத்து என்னை ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத,
தவமணி

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. மீன்காரர் செவ்வாய்க்கிழமை கிளம்பவில்லை, ஆகவே இந்தக் கடிதத்தைத் தாங்கள் அனுப்பிய படகிலேயே கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தையும், அந்தப் படிவத்தையும் மட்டும். ராஜசேகரன், தீவில் தங்க முடியுமா என்று நான் கேட்டனுப்பியதற்கும் "ஹாய்" என்று எழுதிவிட்டு, வரவில்லை. பெட்டியை அவிழ்த்துவிட்டேன்.

அன்று அதிகாரி எதிரே அநாதை என்று கை நீட்ட இந்தத் தீவிலேயே உரிமையுள்ள ஒரே ஆள் நான்தான். நான் நீட்டவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிவத்தின் கடைசி வரி ஆசிரியருக்கு உரியது. அதிலும் தகப்பன் என்று ஓர் இடம் இருந்தது. இனாய் என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன். எழுதி முடித்துப் பார்த்தால், 'வைத்தியலிங்கம், பத்து பாகாட், இருக்கிறார்' என்று இருக்கிறது. படிவத்தைத் தாங்களே அதிகாரியிடம் சேர்ப்பித்துவிடவும். கரையில் கருப்பாயி ஒரு சுட்ட கிழங்கை இரண்டாகப் பிய்த்து வைத்துக்கொண்டு, "அனாத்தா வா, தாரேன்" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். போகிறேன்.