கிராம் அண்ணாவின் பிஸ்டன்

பிரம்மா மனிதனைப் படைத்தபோது கிராம் அண்ணா பக்கத்தில் நின்றிருந்தால், நம் எலும்பிலெல்லாம் வரிசையாகத் துளை இருந்திருக்கும். எதைப் பார்த்தாலும் நாலு கிராமாவது எடை குறைக்க வேண்டும் அவருக்கு; தெரு வைத்த பெயரும் அதனால்தான்.

தொண்ணூறுகளில், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் இருந்தார். தொழில், மரம் அறுப்பது. சொத்து, ஒரு பழைய செயின்சா. அவர் துளை போட்டவற்றில் எனக்கு நினைவிருப்பவை: சைக்கிள் பெடல், பெல்ட், குடைக் காம்பு, செருப்பு. ஒருநாள் வீட்டுக் குழம்புக் கரண்டி.

"யோவ், ஓட்ட போட்டா அது ஜல்லிக்கரண்டிய்யா! கொயம்ப எதுல ஊத்துவேன்?" அவர் மனைவி தெருவுக்கே வந்துவிட்டார்.

"கை வலிக்குதுன்னு நீதானே சொன்ன?"

ஆனால் உயிர் முழுவதும் செயின்சாவின் பிஸ்டன்மீதுதான். மேலும் கீழும் ஓடும் அந்த அலுமினியத் துண்டு லேசானால் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றும் என்பது அவர் கட்சி. கட்சி சரிதான், அளவில்தான் தகராறு. அராவி அராவி, தாம்பரத்து நகைக்கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைப்பார். கடைக்காரர், "சேதாரம் எவ்வளவு போடட்டும்?" என்பார்.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல். "அண்ணா, பக்கச் சுவரை இதுக்கு மேல அராவினா உடைஞ்சிடும்."

"பாப்பா, நீ படிச்ச எஞ்சினெல்லாம் எருமை. என்னுது குருவி."

அக்கா கல்யாணத்தன்று விடியற்கால மழையில், தெருவின் தூங்குமூஞ்சி மரம் மதிலுக்கு மதில் சாய்ந்து கிடந்தது. மண்டபம் தாம்பரத்தில். வேறு வழி கிடையாது. பட்டுப்புடவையோடு அக்கா மரம் ஏறவும் முடியாது. முகூர்த்தம் நெருங்கியது. அப்பா மாலைக் கூடையோடு மரத்தின் முன் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"சார், மாலை வாடாம நீங்க பாத்துக்கோங்க. மரத்த நான் பாத்துக்கறேன்" என்று செயின்சாவைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார் கிராம் அண்ணா.

குருவி கத்தியது. கிளைகள் வாழைத்தண்டாக விழுந்தன. அடிமரம் பாதி அறுபட்டபோது சத்தம் மாறியது. உள்ளே பிஸ்டன் தட்டுகிறது. காரருகில் நின்ற எனக்கே கேட்டது. அந்த நொடியில் நிறுத்தினால் பிஸ்டன் பிழைக்கும். அவர் நிறுத்தவில்லை. மரம் இரண்டாகி உருண்டது. கூடவே மெஷினும் 'டமால்' என்று ஓய்ந்தது.

அக்கா கழுத்தில் நேரத்தோடு தாலி ஏறியது.

பந்தியில் என்னைக் கூப்பிட்டு, உடைந்த துண்டை உள்ளங்கையில் ஆட்டிக் காட்டினார். "இப்ப பாரு பாப்பா, இன்னா லேசா கீது!"

"சத்தம் மாறினது உங்களுக்குக் கேக்கலையாண்ணா?"

"அந்த மழையில இன்னா கேக்கும்?" என்று பாயசத்தைக் குடித்தார்.

அவர் கயிற்றை இழுப்பதற்கு முன்பே மழை விட்டிருந்தது.