நூலூர் மேயரக்கா

தண்ணீர் தேங்காத, கரண்ட் போகாத, கண்டெய்னர் லாரி நுழையாத நகரம் ஒன்று இந்தியாவில் இருக்கிறதென்றால் அது நூலூர்தான். அதைத் தனி ஆளாகக் கட்டி, தனி ஆளாக நிர்வாகமும் செய்துவருபவர், ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஜாக்கெட் தைக்கும் மேயரக்கா. அவருக்கு வேறு பெயர் இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

நூலூர் காகிதத்தில் மட்டும் இருக்கும் ஊர். துணி வெட்டுவதற்கு முன் அளவு வரைந்து பார்க்கும் பழுப்புத் தாளில், மார்க்கரும் கலர் பென்சிலும் கொண்டு அக்கா வரைந்தது. ஒரு தாள் நிரம்பினால் பசை போட்டு இன்னொன்றை ஒட்டுவார். ஊர் அந்தப் பக்கம் வளரும்.

"ரோடு பூரா நூல் புடிச்சா மாரி கீது இல்ல, அதான் நூலூரு" என்று பெயர்க்காரணம் சொன்னார்.

எங்கள் தெருவில் எல்லாருக்கும் நூலூரில் வீடு உண்டு. யாருக்கு எங்கே என்பது மேயர் முடிவு. நடத்தை சரியில்லாவிட்டால் ரப்பர் வந்துவிடும். மீன்பாடி வண்டி ஓட்டும் எதிர்வீட்டுக்காரர் கவர் கவராகக் குப்பையைத் தெருவில் வீசுகிறார் என்று, கடலைப் பார்த்திருந்த அவர் வீட்டை அக்கா அழித்து, குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வரைந்துவிட்டார். மனிதர் கடை வாசலில் வந்து நின்றார்.

"இன்னாக்கா இது, புள்ளகுட்டிங்க இருக்கிற வூடு. அந்த நாத்தத்துல எப்டி இருக்கறது?"

"உன் குப்பைக்கு எதிர்லதான் நான் இத்தினி வருசமா ஒக்காந்துகினு கீறேன்."

அன்றிலிருந்து குப்பை வண்டி வரும்வரை அவர் கவரைக் கையில் பிடித்துக்கொண்டே வாசலில் நிற்பார். பொங்கலுக்குள் கடல் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

ஜாக்கெட் கேட்டுப் போனால், "நேத்து பாலம் தொறந்தோம்மே, கை வேலயெல்லாம் நின்னு போச்சி" என்பார். என் கல்யாண ரிசப்ஷன் ஜாக்கெட் முந்தின நாள்தான் வந்தது. போட்டுப் பார்த்ததும் அம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முதுகுப் பக்கம் கழுத்து, யாரோ இரண்டு கைகளை நீட்டி வளைத்தாற்போல் இருந்தது. கடைக்கு ஓடிப்போய்க் காட்டினேன். அக்கா உற்றுப் பார்த்தார்.

"அய்ய, ஹார்பர வெட்டிட்டேன்."

அவசரத்தில் என் அளவுத் தாளுக்குப் பதிலாக, இன்னும் ஒட்டாமல் கிடந்த நூலூர் துறைமுகத்தைத் துணிமேல் வைத்து வெட்டியிருக்கிறார். வேறு வழியில்லாமல் ஓரத்தில் முத்துமணி வைத்துக் கொடுத்தார். ரிசப்ஷனில் போட்டோகிராபர் பாதிப் படங்களை என் முதுகுப் பக்கம் நின்றுதான் எடுத்தார். மாப்பிள்ளையை யாரும் சீண்டவில்லை. அதற்கப்புறம் வண்ணாரப்பேட்டையிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து "ஹார்பர் நெக்" கேட்டார்கள்.

இந்தப் புகழ்தான் வினையானது. எங்கள் தெருச் சங்கத்துக்கு ஒரு தலைவர் உண்டு. அக்காவின் கடைக்குச் சொந்தக்காரரும் அவரே. நான் ஊக்கு வைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒரு நாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நூலூரு பீச் ரோட்டுக்கு என் பேர வை. முனையில ஒரு ஆர்ச்சும் போட்டுரு."

"அதுக்குப் பேரு கீது தலைவரே."

"இன்னா பேரு?"

"பீச் ரோடு."

தலைவர் சிரிக்கவில்லை. "மாசக் கடைசில கடைய காலி பண்ணு" என்று எழுந்து போனார்.

அப்புறம் மெஷின் ஓடவில்லை. அக்கா தாள்களை மடிக்க ஆரம்பித்தார்.

"பேரத்தான் எழுதிட்டுப் போயேன்க்கா" என்றேன்.

"எழுதிட்டா அப்பால அது அவரு ஊராப் பூடும். மெஷின எந்த மூலைலயும் போட்டுக்கலாம்மே. இத எங்க விரிக்கறது?" அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

மடித்து மூட்டை கட்டுவதற்கு முன் ஊரை ஒரு தடவையாவது முழுசாக விரித்துவிடலாம் என்று, பங்குச் சாமியாரிடம் போய் சர்ச் ஹாலைக் கேட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் விரித்தோம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும் நூலூர். அக்காவே அன்றைக்குத்தான் அதை முழுசாகப் பார்த்தார். தெரு மொத்தமும் வந்தது. அவரவர் வீட்டைத் தேடிப் பெரியவர், சின்னவர், இந்து, கிறிஸ்தவர் எல்லாரும் தரையில் முட்டிபோட்டிருந்தார்கள்.

"பூசையில இப்படி ஒரு நாளும் நான் பாத்ததில்லையே" என்றார் சாமியார்.

சங்கத்தைக் கேட்காமல் என்ன கூட்டம் என்று பார்க்கத் தலைவரும் வந்தார், மனைவி பிலோமினாம்மாவோடு. அந்த அம்மாவுக்கு மூட்டுவலி. நாற்காலி போட்டோம். அக்கா ஸ்கேலை நீட்டி அந்த அம்மாவின் வீட்டைக் காட்டினார். மாடிப்படியே இல்லாத வீடு. பக்கத்தில் இன்னொரு வீடு, நடுவில் சின்னதாக ஒரு கதவு.

"அது யாரு வூடு?" என்றார் பிலோமினாம்மா.

"கத்திவாக்கத்துல கீற உங்க தங்கச்சி வூடு."

தங்கச்சி புருஷனோடு தலைவருக்குச் சண்டை. பல வருஷமாக அந்த அம்மா அங்கே போனதில்லை. அளவு கொடுக்க நிற்கும்போது பெண்கள் சொல்லாத கதையா? அக்கா கேட்டு வைத்திருக்கிறார்.

பிலோமினாம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நீ இவ கடைய காலி பண்ண வெச்சியானா, நானும் பொட்டியக் கட்டிகினு இந்த நூலூருக்கே குடி வந்துருவேன்."

தலைவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் வூடு எங்க?" என்று கேட்டார்.

"அவங்க வூடுதான் உங்க வூடு. தனியாவா வெப்பேன்?"

"இந்தத் தெருவுக்கு இன்னா பேரு?"

"இன்னும் வெக்கல தலைவரே."

தலைவர் மனைவியைக் கைகாட்டினார். "அவ பேர வை."

பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். பிறகு ஹாலே விசிலடித்தது. சாமியார் மட்டும் கை தட்டினார். அந்தச் சத்தத்துக்கு நடுவே அக்கா மண்டியிட்டு, 'பிலோமினா தெரு' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

அடுத்த வாரமே தலைவர் மனைவியை ஆட்டோவில் ஏற்றிக் கத்திவாக்கம் போனார். திரும்பும்போது பை நிறைய இறால். கடை பற்றிய பேச்சு அதோடு போயிற்று. கடைக்கு மேலே பூட்டியே கிடந்த பெரிய அறையின் சாவியையும் அக்காவிடம் கொடுத்தார், ஊரை விரித்து வைக்க.

நான் இப்போது சென்னையின் மறுகோடியில் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டைச் சுற்றி நாலு தையல் கடைகள். ஆனாலும் துணியை எடுத்துக்கொண்டு ராயபுரத்துக்கே போகிறேன். என் அளவு அக்காவுக்கு மனப்பாடம். இருந்தும் டேப்பை எடுத்துத் தோளில் வைப்பார். "இன்னாமே சேதி, சொல்லு" என்பார். அந்த ஒரு கேள்விக்காகவே வருஷத்தில் எனக்கு இத்தனை ஜாக்கெட் தேவைப்படுகிறது.